பென்சில் பிரிண்டும் ஃபெராரியும்: ஒரு பழைய கார் அசல்தானா என்று எப்படித் தெரியும்?

போன மாதம் ஏற்காட்டில் மாமா வீட்டு ஷெட்டில் தரையோடு தரையாகக் கிடந்து ஒரு பென்சில் பிரிண்ட் எடுத்தேன். பழைய வண்டிக்கு ஆர்சி புதுப்பித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சேஸ் நம்பர் அடித்திருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, மேலே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எண்கள் வெள்ளையாக எழுந்து வரும். ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் புரோக்கர்கள் அரை நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஐம்பது வருடத்து கிரீஸ், அதன்மேல் காப்பித் தோட்டத்து செம்மண், அதன்மேல் துரு.

வண்டி ஃபியட் 1100 டிலைட். நாகலூர் பக்கம் இருக்கிற தோட்டத்துக்கு மாமாவின் அப்பா வாங்கியது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி, பாதியில் ரேடியேட்டர் கொதித்து நின்று, குடத்துத் தண்ணீர் ஊற்றிக் கிளம்பிய வண்டி. இப்போது அதைக் கேட்டு பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்கிறார். மாமா அவரிடம் சொன்னது: "இது ஒரிஜினல் இத்தாலி வண்டிங்க. ஃபெராரி இன்ஜின் ஜாதி."

நான் சிரித்துவிட்டேன். மாமாவுக்குக் கோபம். "மாப்ள, நீ படிச்சவன்தானே, இல்லைன்னு நிரூபிச்சுக் காட்டு பாக்கலாம்" என்றார்.

அதற்காகத் தேட ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்பு. தேடியதில் மாமா சொன்ன முதல் வாக்கியம் தப்பு. வண்டி இத்தாலியில் செய்ததில்லை. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் லைசென்ஸ் வாங்கிச் செய்தது. ஆனால் இரண்டாவது வாக்கியம், நம்பினால் நம்புங்கள், முழுத் தப்பு இல்லை.

1939-ல் என்ஸோ ஃபெராரி ஆல்ஃபா ரோமியோவை விட்டு வெளியே வந்தார். நான்கு வருடத்துக்குத் தன் பெயரில் கார் கட்டவோ பந்தயத்தில் இறங்கவோ கூடாது என்று ஒப்பந்தம். அதனால் மோடெனாவில் 'ஆட்டோ ஆவியோ கோஸ்த்ரூட்ஸியோனி' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். 1940 ஏப்ரலில் பிரெஷ்யாவில் நடந்த பந்தயத்துக்காக அது இரண்டே இரண்டு கார்கள் செய்தது. பெயர் 815: எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர். புதிதாக எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை. 1937-ல் வந்த ஃபியட் 508சி, அதாவது 1089 சிசி கொண்ட '1100', அதன் பாகங்களை எடுத்தார்கள். இரண்டு ஃபியட் சிலிண்டர் ஹெட்களை வரிசையாக வைத்து, அடியில் அலுமினியத்தில் புது பிளாக் வார்த்தார்கள். அந்த 508சி இன்ஜினின் வழி வந்ததுதான் 1953-ன் ஃபியட் 1100. அதன் 1089 சிசி தான் குர்லாவில் டிலைட்டாகி, 1974-க்குப் பின் பத்மினி என்ற பெயரில் இந்தியா முழுக்க ஓடியது. ஆக ஷெட்டில் நிற்கும் வண்டி ஃபெராரிக்குத் தூரத்துப் பங்காளி. அவ்வளவுதான், ஆனால் அவ்வளவு உண்டு.

அந்த இரண்டு 815-களில் ஒன்றை அல்பெர்த்தோ அஸ்காரி ஓட்டினார். இரண்டுமே பந்தயத்தை முடிக்கவில்லை. ஒன்று பின்னால் உடைத்துப் போடப்பட்டது. அஸ்காரி ஓட்டியது இத்தாலியில் ஒரு தனியார் சேகரிப்பில் இருக்கிறது. இங்கேதான் எனக்குக் கேள்வி வந்தது. இரண்டே இரண்டு செய்த காரில், மிஞ்சியது இதுதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? யாராவது பழைய ஃபியட் பாகங்களை வாங்கி மூன்றாவதாக ஒன்றைக் கட்டி "உடைக்கப்பட்டது இதோ கிடைத்துவிட்டது" என்று வந்தால்?

கற்பனை இல்லை. பணம் இருக்கும் இடத்தில் இது நடக்கும். ஃபெராரி 250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை 36 கார்கள் செய்தார்கள். 2018-ல் அதில் ஒன்று, சேஸ் எண் 3413ஜிடி, ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. அதே காலத்தில் ஃபெராரி 250 ஜிடிஇ என்று நாலு பேர் உட்காரும் குடும்ப வண்டி ஒன்றும் தொள்ளாயிரத்துக்கு மேல் செய்தது. அது விலை போகாது. அதனால் பல ஜிடிஇ-க்களை அறுத்து, பாடியை எறிந்துவிட்டு, மேலே ஜிடிஓ மாதிரி தகரம் தட்டினார்கள். நகல் செய்வதற்காக நிஜ ஃபெராரியை அழித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குத்தான் வயிறு எரிகிறது.

சரி, சோதனைக்கு வருவோம். எல்லோரும் முதலில் பார்ப்பது எண். சேஸில் ஒன்று, இன்ஜினில் ஒன்று, கியர்பாக்ஸில் ஒன்று, பாடி கட்டியவர் தகரத்தின் உட்புறம் அடித்த எண் தனியாக ஒன்று. இவை தொழிற்சாலைப் பதிவேட்டில் இருப்பதோடு ஒத்துப்போனால் 'மேட்சிங் நம்பர்ஸ்'. எண்ணிலேயே சில சூட்சுமங்கள் உண்டு. அந்தக் காலத்து ஃபெராரியில் சாலை வண்டிக்கு ஒற்றைப்படை எண், பந்தய வண்டிக்கு இரட்டைப்படை. ஜிடிஓ பந்தயத்துக்கே செய்த கார் என்றாலும் கணக்கில் 'ஜிடி' வகை என்பதால் எல்லா ஜிடிஓ-வும் ஒற்றைப்படை. இரட்டைப்படை எண்ணோடு ஒரு ஜிடிஓ வந்தால் பானெட்டைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்து எண்ணை அடித்த விதம். எண்ணைக் கையில் பஞ்ச் பிடித்து சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தார்கள். ஒவ்வொரு பஞ்ச் செட்டுக்கும் ஒரு முகம் உண்டு. 4-இன் மூக்கு மூடியிருக்குமா திறந்திருக்குமா, 7-இன் தலை வளைந்திருக்குமா, 1-க்கு அடிக்கோடு உண்டா, எண்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி. அதே மாதத்தில் வெளிவந்த வேறு கார்களின் பிரிண்டை வைத்து ஒப்பிடுவார்கள். ஆம், அவர்களும் தாளை வைத்துத் தேய்த்துத்தான் எடுக்கிறார்கள். நாற்பது கோடி ரூபாய் காருக்கும் நம்மூர் புரோக்கர் டெக்னிக்தான்.

எண்ணை அரைத்துவிட்டு வேறு எண் அடித்திருந்தால்? இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பஞ்ச் இறங்கும்போது இரும்பின் மேல்பரப்பில் மட்டும் பள்ளம் விழுவதில்லை. பள்ளத்துக்கு அடியில் இருக்கும் உலோகமும் நசுங்கி இறுகிப்போகும். கிரைண்டர் போட்டு மேலே சமமாக்கினாலும் அடியில் இறுகியது அப்படியே இருக்கும். அங்கே தகுந்த அமிலக் கரைசலைத் தடவினால் இறுகிய இடமும் சாதா இடமும் வேறு வேறு வேகத்தில் அரிக்கும். பழைய எண் ஆவி மாதிரி எழுந்து வரும். நம்மூரில் திருட்டு பைக் கேஸ்களில் தடயவியல் ஆட்கள் செய்வதும் இதைத்தான். அமிலத்தைத் தொட உரிமையாளர் விடமாட்டார் என்றால் காந்தப்புலத்தை வைத்துப் படம் எடுக்கும் கருவிகள் இருக்கின்றன.

ஆனால் எண் சரியாக இருந்தால் கார் சரி என்றோ, எண் தப்பாக இருந்தால் கார் போலி என்றோ முடிவு கட்ட முடியாது. அந்தக் காலத்து ரேஸ் டீம்கள் ஒரு நாட்டு எல்லையைத் தாண்ட 'கார்னே' என்ற கஸ்டம்ஸ் தாள் வைத்திருப்பார்கள். தாளில் இருக்கும் எண்ணும் காரில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கடைசி நேரத்தில் அந்தக் கார் ரெடியாகவில்லை என்றால்? எண்ணை மாற்றி அடுத்த காரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். தொழிற்சாலையே செய்த பொய். ஓட்டித் தேய்ந்த பந்தயக் காரைத் திரும்பக் கட்டி, புது எண் போட்டுப் புதுசாக விற்றதும் உண்டு.

எண் ஒன்று, கார் இரண்டு என்றும் ஆகும். 1954-ல் செய்த ஃபெராரி 375 பிளஸ், எண் 0384ஏஎம். அமெரிக்காவில் ஒஹாயோவில் ஒருவர் வீட்டில் பல வருடம் பிரித்தபடி கிடந்தது. 1980-களில் அதன் சேஸும் பாடியும் திருடு போய் பெல்ஜியம் வரை போயின. அங்கே அதை வாங்கியவர் கட்டி முடித்தார். ஒஹாயோக்காரரிடம் மீதிப் பாகங்களும் தாள்களும் இருந்தன. இரண்டு பேரும் 'என் கார்' என்றார்கள். சேஸ் யாரிடமோ அவர்தான் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம் போலத்தான் தோன்றும். திருடிய பொருள் என்பதால் அப்படியும் சொல்ல முடியவில்லை. பல வருடம் வழக்கு நடந்து, கடைசியில் சமரசமாகி, எல்லாப் பாகமும் ஒன்றாக 2014-ல் இங்கிலாந்தில் ஏலம் போனது. விலை ஒரு கோடிப் பவுண்டுக்கு மேல். அதன் பிறகும் வழக்கு ஓயவில்லை.

இதைவிட சுவாரசியமானது பி4 கதை. 1967 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபோர்டை அதன் ஊரிலேயே வைத்து ஃபெராரி முதல் மூன்று இடத்தையும் பிடித்தது. ஜெயித்த கார் 0846. கிறிஸ் ஆமோன், லொரென்ஸோ பந்தினி ஓட்டினார்கள். அது 1966-ல் பி3 ஆகப் பிறந்து பி4 ஆக மாற்றப்பட்ட கார். அதே வருடம் ஜூனில் லெ மான்ஸில் ராத்திரி டயர் பஞ்சர் ஆகி, பிட்டுக்குத் திரும்பும் வழியில் தீப்பிடித்தது. அந்த சேஸ் அழிக்கப்பட்டது என்பது ஃபெராரியின் கணக்கு.

பிறகு ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸ் என்ற அமெரிக்கர் ஒரு பி4 வாங்கினார். பிரிட்டிஷ் ரேஸர் டேவிட் பைப்பர் வழியாக வந்த கார். பிற்காலத்தில் கட்டிய நகல் என்றுதான் பெயர். பிரித்துப் பார்த்தபோது சட்டத்தில் பி3 காலத்து இணைப்புகளும், அவற்றைப் பி4-க்காக மாற்றிய அடையாளங்களும் இருந்தன என்கிறார் கிளிக்கன்ஹாஸ். இது 0846-இன் மிச்சம் என்பது அவர் வாதம். ஃபெராரி ஒத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை இழுபறிதான்.

யார் சொல்வது சரி என்பதை நான் தீர்க்கப் போவதில்லை. எனக்கு அந்த வாதத்தின் கட்டுமானம் பிடித்திருக்கிறது. பி4 நகல் கட்டுகிறவன் பி4-க்கு வேண்டியதை மட்டும் வைப்பான். ஒன்றுக்கும் உதவாத ஒரு பி3 இணைப்பை எதற்காக வைத்து, பிறகு அதை வெட்டி, ஒட்டுப் போட வேண்டும்? போலி செய்கிறவன் அழகான இடங்களைத்தான் நகலெடுப்பான். அசிங்கமான இடங்கள், அவசரமாக வைத்த வெல்டிங், தப்பாகப் போட்டு அடைத்த துளை, ஒரு பந்தயத்தில் இடித்து நிமிர்த்திய குழாய், இவற்றை நகலெடுக்க அவனுக்குத் தோன்றாது. அதனால்தான் சரிபார்ப்பவர்கள் பளபளக்கும் இடங்களை விட்டுவிட்டு டிக்கிக்கு அடியில் டார்ச் அடிக்கிறார்கள். விபத்துக்கு மறுநாள் எடுத்த ஒரு மங்கலான போட்டோவில் இடது பக்கம் நசுங்கியிருந்தால், இந்தக் காரின் இடது பக்கத்தில் நிமிர்த்திய தழும்பு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். இருந்தால் அது எந்த எண்ணையும்விடப் பெரிய சாட்சி.

நமக்கு இது புதிதில்லை. சிவபுரம் நடராஜரை நினைத்துப் பாருங்கள். 1950-களில் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். ஊர் அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965-ல் கோயிலில் இருப்பது அசல் இல்லை என்று எழுதினார். அசல் அமெரிக்கா வரை போய் 1986-ல்தான் திரும்பியது. ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-ல் வந்ததற்கு பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய போட்டோக்கள் முக்கியக் காரணம். சிலையில் யாரும் சேஸ் நம்பர் அடிக்கவில்லை. பழைய படத்தில் இருக்கிற தேய்மானமும் குறையும் அப்படியே இதில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிடித்தார்கள்.

இனி தாள்கள். இத்தாலியில் 1927 முதல் பொது வாகனப் பதிவேடு இருக்கிறது. ஒரு வண்டி யார் யார் கை மாறியது என்று வரிசையாக எடுக்கலாம். ஃபெராரியில் 'கிளாசிக்கே' என்று ஒரு பிரிவு பழைய கார்களைச் சோதித்து, சிவப்பு அட்டை போட்ட புத்தகமாகச் சான்று தருகிறது. ஏலத்தில் அதற்குப் பெரிய மதிப்பு. எனக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல். இன்ஜின் பிளாக் தொலைந்துபோன காருக்கு, பழைய வரைபடத்தை வைத்துப் புதிதாக வார்த்து அதே மாதிரி போட்டுத் தருவதும் அவர்கள் வேலைதான். தொழிற்சாலையே செய்தது, அதனால் சரி என்கிறார்கள். 'தொழிற்சாலையிலிருந்து அன்று வெளிவந்த மாதிரியே இருக்கிறது' என்பதும் 'அன்று வெளிவந்தது இதுதான்' என்பதும் வேறு வேறு. சான்றிதழில் முதலாவது இருக்கும். வாங்குகிறவர் இரண்டாவதாகப் படித்துக்கொள்வார்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்லும்? இத்தாலிய கார் இல்லை என்றாலும், எல்லோரும் மேற்கோள் காட்டும் வழக்கு 1990-ல் லண்டனில் நடந்தது. லெ மான்ஸை 1929-லும் 1930-லும் ஜெயித்த பென்ட்லி 'ஓல்ட் நம்பர் ஒன்'. ஒரு கோடிப் பவுண்டுக்குப் பேசி, வாங்க வந்தவர் "இதில் 1929-ஐச் சேர்ந்தது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, இது அந்தக் கார் இல்லை" என்று பின்வாங்கினார். நீதிபதி ஓட்டன் பாகம் பாகமாகக் கேட்டார். மாறியது உண்மைதான். ஆனால் ஒரே நாளில் யாரும் புதுசாகக் கட்டவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் உடைந்ததை மாற்றி மாற்றி வந்திருக்கிறது, நடுவில் சங்கிலி அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு வேறு காரும் உரிமை கோரவில்லை. ஆகவே இதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்றார். கும்பாபிஷேகம் ஆன கோயிலைப் 'புதுக் கோயில்' என்று நாம் சொல்கிறோமா என்ன.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுபடி நாகலூர் போனேன். சேஸ் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போனது. இன்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை. மாமா முகம் செத்துவிட்டது.

விஷயம் விலை மட்டும் இல்லை. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பக்கத்தில் 'விஏ' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் மாற்றம் செய்யும் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது. பத்மினிக்கும் அம்பாசடருக்கும் டீசல் இன்ஜின் வைத்து ஓட்டிய காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த நிபந்தனையில் எத்தனை வண்டி அடிபடும் என்று.

அத்தைதான் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். தோட்டத்து கூலி நோட்டு, உர ரசீது, நடுவில் சேலத்து ஒர்க் ஷாப் ஒன்றின் பில்: 'ஆஃப் இன்ஜின் மாற்றியது', பழைய எண், புது எண், அதே 1100 வகை. ஆர்சியின் பின்பக்கம் ஒட்டிப் போயிருந்த ஒரு தாளைப் பிரித்ததில் ஆர்டிஓ எண்டார்ஸ்மென்டும் இருந்தது. கொண்டை ஊசியில் கொதித்துக் கொதித்து ஒருநாள் பிளாக் வெடித்திருக்கிறது. இது பழுது வேலையா மாற்றமா என்பதை அதிகாரி பார்த்துச் சொல்லட்டும்; குறைந்தபட்சம் நம்மிடம் சங்கிலி இருக்கிறது.

அடுத்த பிரச்சினை, மாமா ஏற்கனவே டிங்கரிடம் பேசி வைத்திருந்தார். பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி, பட்டி போட்டு, 'ஃபெராரி சிவப்பு' அடிக்க. இப்போதைய நீலத்துக்கு அடியில், கதவு இடுக்கில், வெளிர் பச்சை தெரிகிறது. இடது முன் மட்கார்டுக்கு உட்பக்கம் சுத்தியல் தழும்பு இருக்கிறது. டின்னில் கிடைத்த ஒரு குடும்ப போட்டோவில், பகோடா பாயின்ட்டில் எல்லோரும் வரிசையாக நிற்க, பின்னால் நிற்கும் வண்டியில் அதே மட்கார்டு நசுங்கியிருக்கிறது. போட்டோவை மட்கார்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"அது உங்க அம்மா இடிச்சது" என்றார் மாமா. "ஓட்டிப் பழகறேன்னு சொல்லிட்டு."

டிங்கருக்குப் போன் செய்து துரு விழுந்த தரைத் தகட்டை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பெங்களூர்க்காரரிடம் 'ஒரிஜினல் இத்தாலி' என்பதை வாபஸ் வாங்கியாயிற்று. குர்லா வண்டி, இன்ஜின் மாறியது, பில் இருக்கிறது என்று சொன்னதில் அவர் விலையைக் குறைக்கவில்லை, பில்லின் போட்டோ கேட்டிருக்கிறார். பிஸ்கட் டின் இப்போது பீரோவில் பூட்டில் இருக்கிறது. வண்டிச் சாவி வழக்கம்போல வாசல் ஆணியில்தான் தொங்குகிறது.